ஆனி ஓக்லி அம்மையார் சரித்திரம்

இல்லத்தைக் கள்வரினின்றும் காத்தல் ஆடவர்க்கே உரிய தொழிலென்று உலகத்தார் கருதியிருந்த காலத்தில், அத்தொழிலுக்கு மாதரும் உரியரென்று சொல்லி, அதற்கு வேண்டும் பயிற்சியையும் தாமே அளித்தவர் அமெரிக்க தேசத்து ஆனி ஓக்லி அம்மையார். அவருடைய சரித்திரம் நம் சங்கத்துக் குடும்பத்தார் அறியத்தக்கது.

இவர் 1860-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13-ஆம் நாள், ஒஹாயோ மாகாணத்தில் ஓர் ஏழைக் குடியானவர்க்குப் புதல்வியாய்ப் பிறந்தார். 1866-இல் தந்தையார் காலஞ்சென்றார். வறுமை முற்றியதால் சிறுமி ஏழையர் விடுதிக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து ஒரு குடும்பத்தாரிடம் ஊழியத்துக்கு விடப்பட்டார். அவர்கள் இழைத்த கொடுமைகள் பல. பிற்காலத்தில் அவர்களை ஓநாய்களென்று குறிப்பிட்டாரேயன்றி, அவர்கள் பெயரை வெளியிட்டாரில்லை. தற்காப்பற்ற நிலை எத்தன்மைத்து என்பதை அவர் இளமையிலேயே உணர்ந்தார்.

வீடு திரும்பியபின், தந்தையார் விட்டுச்சென்ற துப்பாக்கியே அவருக்குத் துணையாயிற்று. காட்டில் வேட்டையாடிப் பெற்றவற்றைக் கடைக்காரருக்கு விற்றுக் குடும்பத்தைப் புரந்தார். பதினைந்து வயதளவில் தாயாரின் நிலத்தின்மேலிருந்த அடமானக் கடனையும் தீர்த்தார். பின்னர்ப் பிராங்க் பட்லர் என்னும் பேர்பெற்ற துப்பாக்கி வீரரைப் போட்டியில் வென்று, அவரையே மணந்தார். மனைவியின் திறம் தம்மினும் மேம்பட்டதென்று கண்ட பட்லர், பொறாமையின்றி அரங்கினின்று விலகி அவருக்கு உதவியாளராயினார். 1885-இல் பபலோ பில் குழுவிற் சேர்ந்த அம்மையார், 1887-இல் லண்டன் மாநகரில் விக்டோரியா மகாராணியார் முன்னிலையிலும் தம் வித்தையைக் காட்டினார்.

இப்புகழினும் பெரிது அவர் செய்த போதனை. ஒவ்வொரு மாதும் துப்பாக்கியைக் கையாள அறிந்திருத்தல் வேண்டுமென்பது அவர் கொள்கை. 1915 முதற் சில ஆண்டுகள், வட கரோலினாவிலுள்ள பைன்ஹர்ஸ்டில் தங்கி மாதர் பலருக்குக் கற்பித்தார். அவர் வாழ்நாளில் பயிற்றுவித்த மாதர் 15,000 பேருக்கு மேற்பட்டவரென்று கணக்கிடுவர். ஆயுதம் வீட்டிலிருப்பதனால் மட்டும் வீடு காக்கப்படுவதில்லை. நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது, வந்தவன் கள்வனோ உறவினனோ என்று தெளியுமுன் விசையை இழுக்கும் கை, அவ்வீட்டுக்கே கேடு சூழ்வதாகும். குறியும் நிதானமும் நாட்பட்ட பழக்கத்தாலன்றி வாரா.

அம்மையாரின் வீட்டுக்குள் புகுந்த கள்வர் வேறொரு வகையினர். 1903-இல், அவர் அபினி போன்ற லாகிரி வஸ்துவாகிய கொக்கெயினுக்காகத் திருடிச் சிறை புகுந்தாரென்று ஒரு பொய்ச்செய்தி பத்திரிகைகளிற் பரவிற்று. உண்மையில் அவர் பெயரைச் சொல்லி ஏமாற்றியவள் வேறொருத்தி. தம் நற்பெயரைக் காக்க அவர் துப்பாக்கியை நாடவில்லை, நியாயஸ்தலத்தை நாடினார். 55 பத்திரிகைகள்மீது வழக்கிட்டு, பல ஆண்டுகள் ஊர்தோறும் சென்று சாட்சி கூறி, ஒன்றொழிய ஏனைய யாவற்றிலும் வெற்றி பெற்றார். எவ்விடத்து எவ்வாயுதம் ஏற்றதென்று அறிதலும் பயிற்சியின் ஒரு பகுதியன்றோ?

அம்மையார் 1926-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் இயற்கை எய்தினார். அடுத்த 18 நாட்களுள் கணவரும் மறைந்தார்.

நம் நாட்டில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்தல் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆயினும் அஞ்சாமை, நிதானம், இடைவிடாப் பழக்கம் என்னும் மூன்றுக்கும் உரிமம் வேண்டுவதில்லை. இவற்றை நம் புதல்வருக்கேயன்றிப் புதல்வியருக்கும் இளமையிலேயே பயிற்றுவித்தல் பெற்றோர் கடன்.