ஆலன் டூரிங்

ஆலன் மேத்திசன் டூரிங் (ஜூன் 23, 1912 – ஜூன் 7, 1954) இங்கிலாந்தைச் சேர்ந்த கணிதவியலாளர் ஆவார். கணினியியலின் முன்னோடியாகவும், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரின் இரகசியக் குறியீடுகளை உடைத்தவர்களுள் ஒருவராகவும் இவர் பெரிதும் அறியப்படுகிறார். உயிரினங்களில் உருவம் தோன்றும் முறையைக் கணிதத்தாலும் கணினியாலும் விளக்க இவர் தம் இறுதி ஆண்டுகளில் மேற்கொண்ட ஆய்வு, வளர்ச்சி உயிரியலின் முக்கியக் கோட்பாடுகளுள் ஒன்றாக விளங்குகிறது.

பிறப்பும் தமிழகத் தொடர்பும்

டூரிங்கின் தந்தை ஜூலியஸ் மேத்திசன் டூரிங், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாகப் பணியாற்றினார். தாய் ஈதெல் சாரா ஸ்டோனி கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் எட்வர்ட் வாலர் ஸ்டோனி மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளராக இருந்தார். அண்ணன் ஜான் 1908-இல் குன்னூரில் பிறந்தார். ஆலன் லண்டனில் பிறந்தார். பெற்றோர் இந்தியாவில் இருந்த காலங்களில் பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தாரின் பொறுப்பில் வளர்ந்தனர்.

ஆலனுக்கு இளமையிலேயே செடிகொடிகளில் ஆர்வம் இருந்தது. பள்ளியில் மற்றவர்கள் ஹாக்கி ஆடிக்கொண்டிருக்க, குனிந்து டெய்சி மலர்களை உற்றுநோக்கும் சிறுவனாக அவரைத் தாய் 1923-இல் வரைந்த படம் புகழ்பெற்றது.

கணினியியல் பணிகள்

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் கணிதம் பயின்ற டூரிங், 1936-இல் எழுதிய கட்டுரையில், எந்தக் கணிப்பையும் படிப்படியாகச் செய்யவல்ல கற்பனை இயந்திரம் ஒன்றை முன்வைத்தார். இது டூரிங் இயந்திரம் எனப்படுகிறது. 1939 முதல் பிளெட்ச்லி பார்க்கில் எனிக்மா குறியீட்டை உடைக்கும் பணியில் ஈடுபட்டார். 1948-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

உருத்தோற்ற ஆய்வு

ஒரே தன்மையுள்ள உயிரணுக்களின் திரளாகத் தொடங்கும் கருவில், ஓரிடத்தில் ஒன்றும் மற்றோரிடத்தில் வேறொன்றும் உருவாவது எவ்வாறு? இக்கேள்விக்கு டூரிங் 1952 ஆகஸ்டில் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளியான கட்டுரையில் விடை தந்தார்.

நீரில் விட்ட மைத்துளி எங்கும் பரவி ஒரே நிறமாகிவிடுகிறது. எனவே, பரவல் வேறுபாடுகளை அழிக்கும் என்பதே பொதுவான எண்ணம். ஒன்றோடொன்று வினைபுரியும் இரு வேதிப்பொருட்கள் வெவ்வேறு வேகத்தில் பரவினால், தக்க சூழ்நிலையில், பரவலே வேறுபாடுகளை உண்டாக்கும் என டூரிங் காட்டினார். எடுத்துக்காட்டாக, ஒரு பொருள் தன்னையும் தன்னைத் தடுக்கும் பொருளையும் பெருக்குவதாகக் கொள்வோம். தடுக்கும் பொருள் விரைந்து பரவினால், முதற்பொருள் ஓரிடத்தில் குவிய, அதன் சுற்றுப்புறத்தில் தடை ஏற்படும். இவ்வாறு புள்ளிகளும் கோடுகளும் சீரான இடைவெளியில் தோன்றுகின்றன. இத்தகைய பொருட்களுக்கு டூரிங் மார்போஜன் எனப் பெயரிட்டார்.

வளையமாக அமைந்த உயிரணுக்களில் நிகழும் மாற்றங்களை மான்செஸ்டர் கணினியில் கணித்தார். திட்டுத் திட்டான தோல் வடிவமைப்பு ஒன்றைக் கையாலேயே கணக்கிட்டு வரைந்தார். ஐதராவின் உணர்விழைகள் முளைப்பதையும் இக்கோட்பாட்டால் விளக்க முயன்றார். பின்னர், சூரியகாந்தி விதைகளின் சுருள் வரிசைகளில் பிபனாச்சி எண்கள் அமைவதற்கான காரணத்தை ஆராய்ந்தார். அவருடைய மாணவர் பெர்னார்ட் ரிச்சர்ட்ஸ், கோள வடிவில் இச்சமன்பாடுகளைத் தீர்த்து, கிடைத்த வடிவங்களை எர்ன்ஸ்ட் ஹேக்கல் நுண்ணோக்கியில் கண்டு வரைந்த ரேடியோலேரியா உயிரிகளின் படங்களோடு ஒப்பிட்டார்.

வழக்கும் மறைவும்

இக்கட்டுரை அச்சாவதற்கு முன்பே, 1952 மார்ச்சில், ஓர் ஆணுடன் கொண்ட உறவுக்காக டூரிங் தண்டிக்கப்பட்டார். அக்காலத்தில் இங்கிலாந்தில் அது குற்றமாகும். சிறையைத் தவிர்க்க ஓராண்டு ஹார்மோன் ஊசிகளை ஏற்றார். அரசின் இரகசியப் பணிகளிலிருந்தும் விலக்கப்பட்டார். எனினும் ஆய்வைத் தொடர்ந்தார். 1954 ஜூன் 7-இல் சயனைடு நஞ்சால் இறந்தார். விசாரணையில் தற்கொலை எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. தாயோ அது விபத்து என்றே நம்பினார். தாவர வடிவங்களைப் பற்றிய அவரது ஆய்வு முடிவுறாமல் நின்றது.

பிற்காலச் சான்றுகள்

உயிரியலாளர்கள் நெடுங்காலம் இக்கோட்பாட்டைப் பெரிதாகக் கருதவில்லை. பழ ஈயின் கருவில் தோன்றும் பட்டைகள் வேறு முறையில் உருவாவதாகத் தெரிந்ததும் ஐயம் வலுத்தது. 1990-இல் பிரான்சில் இத்தகைய வடிவமைப்பு ஒரு வேதிவினையில் கிடைத்தது. 1995-இல் ஜப்பானியரான ஷிகேரு கோன்டோவும் ரிஹிடோ அசாயும், ஏஞ்சல் மீன் வளரும்போது அதன் கோடுகள் மாறும் விதம் கணினிக் கணிப்போடு பொருந்துவதைக் காட்டினர். 2014-இல் பார்சலோனா ஆய்வாளர்கள், சுண்டெலிக் கருவின் விரல்கள் இம்முறையில் பிரிவதற்கான சான்றுகளைச் சோதனையும் கணினி மாதிரியும் கொண்டு வெளியிட்டனர். எல்லா உருவங்களுக்கும் இதுவே காரணமன்று. எனினும் சிலவற்றுக்கு இது பொருந்தும் என இன்று ஏற்கப்பட்டுள்ளது.

நினைவு

கணினியியலின் உயரிய விருதான டூரிங் விருது 1966 முதல் வழங்கப்படுகிறது. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்ற ராஜ் ரெட்டி 1994-ஆம் ஆண்டுக்கான விருதைப் பகிர்ந்துகொண்டார். பிரித்தானிய அரசு 2009-இல் டூரிங்குக்கு இழைத்த கொடுமைக்காக வருத்தம் தெரிவித்தது. 2013-இல் அவருக்கு அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. 2021-இல் வெளியான 50 பவுண்டு தாளில் அவர் உருவம் இடம்பெற்றது. உருத்தோற்ற ஆய்வின் நினைவாக அதில் சூரியகாந்தி வடிவமும் பொறிக்கப்பட்டுள்ளது குறிப்பிடத்தக்கது.