மன்னரின் அரியணையில் தெருப் பையன்! கார்ட்டூனுக்காக ஜெயிலுக்குப் போன டோமியே... யார் இவர்?

1848 பிப்ரவரி. பாரிஸில் புரட்சி வெடித்தது. மன்னர் லூயி பிலிப் முடி துறந்து தப்பிவிட, துய்லரி அரண்மனைக்குள் மக்கள் புகுந்தார்கள். அடுத்த மாதமே 'லெ ஷாரிவாரி' பத்திரிகையில் ஒரு படம் வந்தது. அரியணையில் ஒரு தெருப் பையன்! மெத்தை இவ்வளவு மெத்துனு இருக்குமா என்ற ஆச்சரியத்தோடு அதில் புதைந்து கிடக்கிறான்.

வரைந்தவர் ஒனோரே டோமியே. அந்தப் பையனை அவருக்கு நல்லாவே தெரியும். ஏன்னா, அவரும் அப்படி வளர்ந்தவர்தான்.

எடுபிடிச் சிறுவன்

1808-ல் மார்செய் நகரில் பிறந்தார். அப்பா கண்ணாடி வேலை செய்பவர். கவிஞராகும் கனவோடு பாரிஸுக்கு வந்தவர். கவிதை சோறு போடவில்லை. படிக்க வேண்டிய வயதில் டோமியே கோர்ட் அமீனாவிடம் எடுபிடி வேலை பார்த்தார். பிறகு புத்தகக் கடை வேலை.

கல்லில் பிறந்த கார்ட்டூன்

அவர் கற்றுக்கொண்ட தொழில் லித்தோகிராஃப், அதாவது கல் அச்சு. சுண்ணாம்புக்கல்லில் பிசுக்கான கிரேயானால் வரைந்து, கல்லை நனைத்து மை தடவினால், கோடுகளில் மட்டும் மை ஒட்டும். அதன்மேல் காகிதத்தை அழுத்தி எடுத்தால் படம் ரெடி. ஒரே கல்லில் ஏராளமான பிரதிகள். கடைக் கண்ணாடியில் மாட்டினால் காசில்லாதவரும் நின்று பார்க்கலாம்.

அரசு பயந்ததும் அதற்குத்தான். ஏழைகளின் வரிப்பணத்தை விழுங்கும் ராட்சசனாக மன்னரை வரைந்ததற்கு, 1832-ல் டோமியேவுக்கு 6 மாத சிறைத் தண்டனை.

ஆனாலும் அடங்கவில்லை. 1834-ல் டிரான்ஸ்நோனென் தெருவில் ராணுவம் வீடு புகுந்து மக்களைக் கொன்றது. டோமியே வரைந்ததில் கத்தியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. இரவு உடையில் செத்துக் கிடக்கும் ஒருவர், அவர் உடலுக்கு அடியில் ஒரு குழந்தை. அச்சுக் கல்லையே அரசு பறிமுதல் செய்தது.

மீண்டும் ஒரு பேரரசர்

1848-ன் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1852-ல் மூன்றாம் நெப்போலியன் பேரரசரானார். அரியணையில் உட்கார்ந்த பையன் மறுபடியும் தெருவுக்கே போனான். டோமியே அவனை விடவில்லை. 1860-களில் அவர் தீட்டிய ஓவியத்தில், துணி மூட்டையோடு ஆற்றுப் படியேறும் சலவைத் தொழிலாளியின் கையைப் பிடித்தபடி ஒரு சின்னக் குழந்தை. அதன் இன்னொரு கையில் பொம்மை இல்லை. துணி அடிக்கும் கட்டை.

சுமார் 4,000 லித்தோகிராஃப்களை வரைந்த டோமியே, பார்வை மங்கிய நிலையில் 1879-ல் காலமானார். அந்தச் சலவைத் தொழிலாளியும் குழந்தையும் இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள்.