காதம்பினி கங்குலி அம்மையார்

கணவனை இழந்த ஒரு பெண், தறியில் அமர்ந்தோ பூத் தொடுத்தோ பொருளீட்டித் தன் மக்களைக் காப்பது, சங்கரன்கோவில் வட்டாரத்தார் நன்கறிந்த காட்சியாகும். அத்தகைய தாய்மாரைக் கண்டு இரங்குவோர் பலர். அவர்தம் உழைப்பை மதிப்போர் சிலரே. அவ்வுழைப்பை மருத்துவத் துறையில் நின்று ஆற்றிய ஒரு வங்கத் தாயின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

காதம்பினி அம்மையார் 1861ஆம் ஆண்டு பாகல்பூரில் பிறந்தார். தந்தையார் ஒரு தலைமையாசிரியர். பெத்யூன் கலாசாலையில் பயின்ற அம்மையார், 1883ஆம் ஆண்டு சந்திரமுகி வசு என்பாருடன், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முதற் பெண் பட்டதாரியாயினார். அவ்வாண்டே பிரம்ம சமாஜச் சீர்திருத்தக்காரராகிய துவாரகாநாத் கங்குலியை மணந்தார். துவாரகாநாதர் முதல் மனைவியை இழந்தவர். அவருக்கு மக்களும் இருந்தனர். ஆகவே, அம்மையார் மணநாள் தொட்டே தாயுமாயினார்.

சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. கல்கத்தாக் கல்லூரியோ கதவடைத்திருந்தது. அதனால் அபலா தாஸ் என்னும் வங்க நங்கை, 1882இல் மருத்துவம் கற்கச் சென்னைக்கே வரவேண்டியதாயிற்று. துவாரகாநாதரின் இடைவிடாத முயற்சியால் காதம்பினிக்கு அக்கதவு திறந்தது. இறுதித் தேர்வில் ஒரு பாடத்தில் தவறியமையால் எம்.பி. பட்டம் கிட்டவில்லை, எனினும் 1886இல் கல்லூரியின் பட்டயம் பெற்று மருத்துவரானார். 1888இல் டப்ரின் சீமாட்டி மருத்துவமனையில் மாதம் 300 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார்.

ஆடவ மருத்துவர் நுழைய இயலாத அந்தப்புரங்களுக்கு அவர் இரவென்றும் பகலென்றும் பாராது சென்றார். அது பொறாத 'வங்கவாசி' என்னும் பத்திரிகை, 1891இல் அவர் ஒழுக்கத்தைப் பழித்தெழுதிற்று. அம்மையார் அஞ்சி ஒடுங்கினாரல்லர், நீதிமன்றம் சென்றார். ஆசிரியருக்கு 100 ரூபாய் அபராதமும் ஆறு மாதச் சிறையும் விதிக்கப்பட்டன. பின்னர் 1893இல், இளங்குழந்தைகளை வீட்டாரிடம் விட்டுச் சீமைக்குக் கப்பலேறி, எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் மூன்று பட்டயங்கள் பெற்று மீண்டார்.

1898ஆம் ஆண்டு ஜூன் திங்களில் துவாரகாநாதர் காலமானார். எட்டு மக்களைக் கொண்ட குடும்பத்தின் பாரம் அம்மையார்மேல் விழுந்தது. விதவையானவள் மூலையில் ஒதுங்கி உறவினர் கையை எதிர்பார்த்திருத்தலே அக்காலத்து வழக்கம். அம்மையாரோ மருந்துப் பெட்டியைக் கீழே வைத்தாரல்லர். நோயாளிகளின் இல்லங்களுக்கு வண்டியில் செல்லும் நேரத்தையும் வீணாக்காது, லேஸ் பின்னிக்கொண்டே செல்வாராம். வீட்டுக்கும் தொழிலுக்கும் ஒரே நாளைப் பங்கிட வேண்டியவர்க்கு நாழிகையின் அருமையைப் பிறர் கற்பிக்கவேண்டுவதில்லை.

பொதுப்பணியையும் அவர் கைவிட்டிலர். 1908இல், டிரான்ஸ்வால் நாட்டில் சத்தியாக்கிரகம் செய்த இந்தியர்க்கு ஆதரவாகக் கல்கத்தாவில் கூட்டம் கூட்டினார். அவ்விந்தியருள் நம் தமிழ் மக்களும் பலர். 1922இல் நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்த பெண்களின் நிலையை ஆராயச் சென்றார். அவர் மகள் ஜோதிர்மயி கல்வித்துறையிலும், மகன் பிரபாதசந்திரர் பத்திரிகைத் துறையிலும் விளங்கினர். 1923ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் அம்மையார் உயிர் நீத்தார். அன்றும் ஓர் அறுவைச் சிகிச்சை செய்துவிட்டே வீடு திரும்பினார் என்பர்.

மாணவ நண்பர்காள்! துவாரகாநாதர் தம் மனைவிக்கு விட்டுச் சென்ற செல்வம் யாது? வீடும் நிலமும் அன்று. அவர் முயன்று திறந்துவைத்த கல்லூரிக் கதவே. துன்பம் வருமுன் கற்ற கல்வியே, துன்பம் வந்தபோது அக்குடும்பத்தைத் தாங்கிற்று. நம் ஊர்ப் பெண்மக்களின் படிப்பை, மணம் பேசும் காலம் வந்ததென்று இடையில் நிறுத்த நினைப்போர் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக. தம் தங்கைக்காக அக்கதவைத் திறந்துவைத்தல் தமையன்மாரின் கடனுமாம்.