ரோஷனாரா சாலையின் குஸ்தி வாத்தியார்

டில்லியில் பழைய சப்ஜி மண்டிப் பகுதியில், ரோஷனாரா சாலையில் உள்ளது பிர்லா மில் வியாயாமசாலை. பொழுது புலர்வதற்கு வெகு முன்பே அங்கு இளைஞர்கள் எழுந்து, லங்கோடு கட்டிக்கொண்டு கோதாவில் இறங்கிவிடுவார்கள். மார்கழிக் குளிரானாலும் சரி, சித்திரை வெயிலானாலும் சரி, இந்த வழக்கத்தில் மாற்றம் கிடையாது. அவர்களைத் தட்டி எழுப்புகிறவரின் கையில் ஒரு தடி இருக்கும். அவரே குரு ஹனுமான். ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டுக் காலம் இந்தியக் குஸ்திக்குப் பயில்வான்களை வார்த்தெடுத்துக் கொடுத்த வாத்தியார்.

அவர் உலகப் பட்டம் எதுவும் வென்றவர் அல்லர். ஒலிம்பிக் மேடையில் நின்றவரும் அல்லர். படிப்பும் அதிகம் இல்லை. ஆயினும், நல்ல பயிற்சியாளர் என்பவர் யார் என்று கேட்டால், வட இந்தியாவில் பலரும் முதலில் சொல்லும் பெயர் அவருடையதுதான்.

ராஜஸ்தானத்துப் பையன்

ராஜஸ்தானத்தில் ஷேகாவதிப் பிரதேசத்தில் உள்ள சிராவா என்ற ஊரில் 1901-ம் ஆண்டு அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் விஜய் பால். மெலிந்த உடம்புக்காரப் பையனைப் பெரிய பையன்கள் சீண்டினார்கள். அந்த அவமானமே அவரைக் குஸ்தியின் பக்கம் தள்ளிற்று என்பார்கள். 1919-ல் பிழைப்பைத் தேடி டில்லிக்கு வந்து, பிர்லா ஆலையை அடுத்த பகுதியில் தங்கினார். தொழிலைவிட உடற்பயிற்சியிலேயே மனம் சென்றது. ஆலைக்காரர்களின் ஆதரவில், 1920-களில் அங்கு ஒரு குஸ்திப் பள்ளி உருவாயிற்று. மல்லர்களின் தெய்வமாகிய அனுமாரிடம் கொண்ட பக்தியால் ஹனுமான் என்ற பெயரை ஏற்றார். நாளடைவில் இயற்பெயர் மறைந்து, குரு ஹனுமான் என்பதே நிலைத்துவிட்டது. கடைசிவரை அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. கோதாவே வீடு; சிஷ்யர்களே பிள்ளைகள்.

மண்ணில் தொடங்கும் பாடம்

தேர்தலில் நிற்பவரைக்கூடக் கோதாவில் இறங்கினார் என்று நாம் சொல்கிறோம். ஆனால் உண்மையான கோதா எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தவர்கள் இன்று குறைவு. சலித்து எடுத்த மண்ணில் மஞ்சள், மோர், கடுகெண்ணெய், வேப்பிலை முதலியவற்றைக் கலந்து பதப்படுத்துவார்கள். தினமும் மண்வெட்டியால் அதைக் கொத்திப் புரட்ட வேண்டும். பயிற்சி அங்கேயே தொடங்கிவிடுகிறது. தோளும் முதுகும் இடுப்பும் உறுதிப்படுவது அந்த மண்வெட்டியில்தான். அதன் பிறகு நூற்றுக்கணக்கில் தண்டால், பஸ்கி, கயிறு ஏறுதல், கர்லாக்கட்டை சுழற்றுதல். இவ்வளவும் முடிந்த பிறகே பிடி.

புதிதாக வந்த பையனுக்கு முதல் நாளே பிடி சொல்லிக் கொடுப்பது அந்த மரபில் இல்லை. முதலில் மண்ணைக் கொத்த வேண்டும். பெரியவர்களுக்கு உடம்பு பிடித்துவிட வேண்டும். ஓரமாக நின்று பார்க்க வேண்டும். எவனுக்குப் பொறுமை இருக்கிறது, எவன் சவடால் பேர்வழி என்பது அதற்குள் குருவுக்குத் தெரிந்துவிடும். பார்த்துப் பார்த்து ஆளை எடைபோடுவதுதான் அவருடைய தனித் திறமை.

உணவிலும் கண்டிப்பு. பால், நெய், அரைத்த பாதாம், ரொட்டி, பருப்பு, பழம், மாமிசம் கிடையாது. மது, புகையிலை என்ற பேச்சே கூடாது. பிரம்மச்சரியம் காக்க வேண்டும். சீக்கிரம் படுத்துச் சீக்கிரம் எழ வேண்டும். தவறினால் தடி பேசும். இன்றைய பயிற்சி முறை அந்தத் தடியை ஏற்காது, ஏற்கவும் கூடாது. ஆனால் சிஷ்யர்கள் அடிக்கு அஞ்சி மட்டும் அங்கே தங்கவில்லை. தாம் கடைப்பிடிக்காத விதி எதையும் குரு அவர்கள்மீது சுமத்தவில்லை. அவர்கள் எழுவதற்கு முன் அவர் எழுந்திருப்பார். அவர்கள் உண்பதையே அவரும் உண்பார். சொல்லுக்கும் செயலுக்கும் இடைவெளி இல்லாததால் அந்தக் கண்டிப்பு செல்லுபடியாயிற்று.

மண்ணிலிருந்து மெத்தைக்கு

தாராசிங்கும் கிங்காங்கும் மோதிய காட்சிக் குஸ்தியைச் சென்னை ரசிகர்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்ததுண்டு. அது வேறு வகை. குரு ஹனுமான் கற்பித்தது போட்டிக் குஸ்தி. அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. கிராமத்து மண் குஸ்தியில் எதிரியை மல்லாத்தி முதுகு மண்ணில் படச் செய்தால்தான் வெற்றி. அதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகலாம். சர்வதேசப் போட்டியோ மெத்தை மேல் நடப்பது. நிமிடக் கணக்கு உண்டு; ஒவ்வொரு பிடிக்கும் புள்ளி உண்டு. மண் காலைப் பிடித்து நிறுத்தும்; மெத்தை வேகத்தைக் கேட்கும். மண்ணில் யானை போல் நின்றவர்கள் மெத்தையில் திணறிய கதைகள் பல உண்டு.

வயதானவர்கள் பழைய முறையே சிறந்தது என்று பிடிவாதம் செய்வது இயல்பு. குரு ஹனுமானோ மண்ணின் அடித்தளத்தை விடாமலே பிள்ளைகளை மெத்தைக்கும் தயார் செய்தார். 1970-ல் எடின்பரோவில் நடந்த காமன்வெல்த் போட்டிகளில் அவருடைய சிஷ்யர்கள் வேத் பிரகாஷும் சுதேஷ் குமாரும் தங்கம் பெற்றார்கள். 1974-ல் நியூஸிலாந்தில் சுதேஷ் குமார் மீண்டும் வென்றார். பிரேம்நாத்தும் தங்கம் கொண்டுவந்தார். 1978-ல் பாங்காக்கிலும், 1986-ல் சியோலிலும் ஆசியத் தங்கம் வென்ற கர்தார் சிங்கும் அந்தக் கோதாவில் பயின்றவரே. 1982-ல் டில்லியிலேயே நடந்த ஆசியப் போட்டிகளில், 100 கிலோ பிரிவில் சத்பால் தங்கம் வென்றபோது நகரமே மகிழ்ந்தது. டில்லியை அடுத்த பவானா கிராமத்திலிருந்து சிறு பையனாகக் குருவிடம் வந்து சேர்ந்தவர் சத்பால்.

ஒலிம்பிக் பதக்கம் மட்டும் கைக்கெட்டவில்லை. 1952-ல் ஹெல்சிங்கியில் மகாராஷ்டிரத்துக் கே.டி. ஜாதவ் வெண்கலம் வென்ற பிறகு குஸ்தியில் இந்தியாவுக்கு வறட்சி. 1972-ல் மியூனிக்கில் சுதேஷ் குமார், பிரேம்நாத் இருவருமே தத்தம் எடைப்பிரிவில் நாலாவது இடத்தில் வந்து நின்றார்கள். ஒரே விளையாட்டு விழாவில் ஒரே குருவின் இரு சிஷ்யர்கள், பதக்கத்துக்கு ஒரு படி கீழே! வேறொருவராயிருந்தால் மனம் சோர்ந்திருப்பார். அவர் மறுபடியும் மண்ணைக் கொத்தச் சொன்னார்.

வயிற்றுப்பாட்டையும் பார்த்தார்

பயில்வானின் வாழ்வில் பெரிய ஆபத்து எதிராளி அல்ல. முப்பது வயதுக்குப் பிறகு வரும் வறுமை. இளமை முழுவதையும் கோதாவில் செலவிட்டவனுக்குப் படிப்பு இராது, தொழில் தெரியாது. உடம்புக்குப் பழகிய பாலும் நெய்யும் மட்டும் கேட்கும். சுதந்திரத்துக்கு முன் சமஸ்தானத்து ராஜாக்கள் மல்லர்களை ஆதரித்தார்கள். அவர்கள் போன பின் போஷிப்பார் இல்லை.

இதைக் கண்கூடாகப் பார்த்த குரு ஹனுமான், பயில்வான்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று அரசிடம் விடாமல் முறையிட்டார். நாளடைவில் போட்டிகளில் சிறந்த பயில்வான்களுக்கு ரயில்வே போன்ற துறைகளில் இடம் கிடைத்தது. மாதச் சம்பளம் உறுதியான பிறகுதான் கிராமத்துப் பெற்றோர் துணிந்து பிள்ளைகளை அனுப்பினார்கள். பிடி சொல்லிக் கொடுப்பதோடு தம் கடமை தீர்ந்தது என்று அவர் எண்ணவில்லை என்பதற்கு இதுவே சான்று.

குருவும் சிஷ்யரும்

1983-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அதே ஆண்டில் சத்பாலும் பத்மஸ்ரீ பெற்றார். 1987-ல் குருவுக்குத் துரோணாச்சாரியார் விருது கிடைத்தது. விருதுகள் வந்த பிறகும் விடியற்காலைப் பழக்கம் மாறவில்லை. 1996-ல் உச்ச நீதிமன்ற உத்தரவை ஒட்டி டில்லிக்குள் இருந்த பல ஆலைகளோடு பிர்லா ஆலையும் மூடப்பட்டது. ஆலை போயிற்று, அதன் பெயரைத் தாங்கிய குஸ்திப் பள்ளி நின்றது.

1999 மே மாதம் 24-ம் தேதி, ஹரித்வாருக்குச் செல்லும் வழியில் மீரட்டுக்கு அருகே நடந்த கார் விபத்தில் குரு ஹனுமான் காலமானார். அப்போது அவருக்கு வயது 98.

அவர் ஏங்கிய பதக்கம் ஒன்பது ஆண்டு கழித்து வந்தது. 2008-ல் பீஜிங்கில் சுஷீல் குமார் வெண்கலம் வென்று, 56 ஆண்டு வறட்சியைத் தீர்த்தார். 2012-ல் லண்டனில் வெள்ளியும் பெற்றார். அவரைப் பயிற்றுவித்தவர், டில்லி சத்ரசால் ஸ்டேடியத்தில் சிறுவர்களைத் திரட்டிக் குஸ்தி கற்பித்த அதே சத்பால். யோகேஷ்வர் தத், ரவி தஹியா, 2024-ல் பாரிஸில் வெண்கலம் வென்ற அமன் செஹ்ராவத் ஆகியோரும் சத்ரசாலில் வளர்ந்தவர்களே. 2009-ல் சத்பாலுக்கும் துரோணாச்சாரியார் விருது கிடைத்தது.

சிஷ்யன் வெல்வது பயிற்சியாளருக்குப் பெருமை. சிஷ்யன் தானே குருவாகி, அடுத்த தலைமுறையை வெல்ல வைப்பது அதைவிடப் பெரிய பெருமை. குரு ஹனுமான் கண்ணால் காணாமல் போன அந்த ஒலிம்பிக் பதக்கங்களில், ரோஷனாரா சாலையில் விடியுமுன் கொத்திய மண்ணும் ஒட்டியிருக்கிறது.