அரண்மனையிலிருந்து மறவர் சீமைக்கு

நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் தெற்கு எல்லையைத் தாண்டித் திருவாடானைப் பக்கம் சென்றால் ஓரியூர் என்னும் சிற்றூரைக் காணலாம். அங்குள்ள செம்மணலைப் பக்தர்கள் ஒரு சிட்டிகை எடுத்து முடிந்துகொண்டு போவார்கள். 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் அந்த மண்ணில் இரத்தம் சிந்தியவர் புனித அருளானந்தர். ஜான் தெ பிரிட்டோ என்பது அவருடைய இயற்பெயர்.

அவர் 1647-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் போர்த்துக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் உயர்குடியில் பிறந்தார். அரசுப் பதவி ஏற்றுப் பிரேசில் சென்ற தந்தை அங்கேயே இறந்துவிட்டார். மகன் அரண்மனையில் இளவரசர் பேத்ருவின் தோழனாக வளர்ந்தான். ஒருமுறை அவன் நோயுற்றுச் சாகும் தறுவாயில் கிடந்தபோது, தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டாள். மகன் பிழைத்தான். நேர்ச்சையின்படி அவனுக்கு ஓராண்டுக் காலம் இயேசு சபையாரின் உடையை உடுத்தி அழகு பார்த்தாள். ஓராண்டு முடிந்ததும் உடை மாறியது, உள்ளமோ மாறவில்லை. 1662-இல் அவர் இயேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்று, 1673-இல் இந்தியாவுக்குக் கப்பலேறத் துணிந்தபோது அதே தாய்தான் குறுக்கே நின்றாள். கணவனை அயல்நாட்டில் இழந்தவள் மகனையும் கடலுக்குக் கொடுக்க எப்படி இசைவாள்? ஆயினும் அவர் புறப்பட்டார். வழியில் கப்பலில் காய்ச்சல் பரவிப் பலர் மாண்டனர். அவர் கோவா வந்து சேர்ந்தார்.

அவர் சேர்ந்தது மதுரை மிஷன். 1606-இல் தத்துவ போதகர் தொடங்கிய அந்தப் பணியில், பரந்த தமிழகத்துக்கு விரல்விட்டு எண்ணத்தக்க குருக்களே இருந்தனர். அவர்களுக்குத் தோள் கொடுத்தவர்கள் நம் நாட்டு உபதேசியார்கள். பின்னாளில் ஆவூரில் மிஷனுக்குத் தளம் அமைத்த புஷே அடிகளார் இதே குழுவைச் சேர்ந்தவர். கீரனூர், விராலிமலைப் பகுதியிலிருந்து ஆவூர் பெரியநாயகி மாதா கோவிலுக்குப் போய்வரும் நம்மவர்களுக்கு இது நினைவிருக்கட்டும்.

இந்தக் குழுவினரின் ஒரு நாள் எப்படிக் கழிந்தது? அருளானந்தர் பண்டாரசுவாமியாகக் காவி உடுத்தார். காதில் வளையமும் கையில் கோலும் கொண்டு கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்றார். மக்கள் வயலுக்குப் போகுமுன், விடியற்காலையிலேயே ஓலைக்குடிசையில் திருப்பலி நடக்கும். பிறகு புதிதாய் வந்தவர்களுக்கு மறைக்கல்வி, நோயாளிகளைச் சந்தித்தல், வழக்குகளைத் தீர்த்து வைத்தல். உணவோ சோறும் கீரையும் பருப்பும்தான். புலாலும் மதுவும் கிடையா. ஆபத்துக் காலங்களில் பகலெல்லாம் காட்டில் மறைந்திருந்து, இருட்டிய பின் தேடி வருவோருக்கு ஒப்புரவு அருளடையாளம் வழங்குவார். அங்கே தமிழைத் தவிர வேறு பேச்சுக்கு இடமில்லை.

1686-இல் மறவர் சீமைக்குச் சென்ற அவரும் உபதேசியார்களும் பிடிபட்டனர். நீரில் அமிழ்த்தப்பட்டும் கசையடி பட்டும் அவர்கள் தளரவில்லை. இராமநாதபுரம் கிழவன் சேதுபதி அவர்களை விசாரித்து, இனி இந்நாட்டில் போதிக்கலாகாது என்று விடுதலை செய்தார். இரகுநாதத் தொண்டைமானுக்குப் புதுக்கோட்டைச் சீமையை அளித்தவரும் இதே சேதுபதிதான்.

மிஷனின் தேவைகளை எடுத்துரைக்க மேலதிகாரிகள் அருளானந்தரை ஐரோப்பாவுக்கு அனுப்பினர். 1687-இல் லிஸ்பன் சேர்ந்தபோது, பழைய தோழர் பேத்ரு இப்போது மன்னர்! அவர் இவரை அங்கேயே நிறுத்திவைக்க விரும்பினார். பதவியும் சுகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அவரோ அங்கும் தரையில் படுத்து, பருப்பும் காய்கறியுமே உண்டு, மறவர் சீமை மக்களையே எண்ணிக்கொண்டிருந்தார். 1690-இல் மீண்டும் இந்தியா வந்தார். போனால் உயிருக்கு ஆபத்து என்பதை நன்கு அறிந்தே வந்தார்.

தடியத் தேவர் என்ற மறவர் தலைவர் நோய் நீங்கிக் கிறிஸ்தவராக விரும்பினார். அவருக்கு மனைவியர் பலர். முதல் மனைவியோடு மட்டுமே வாழ்ந்து, மற்றவர்களைச் சகோதரிகளாகப் பாவிக்க வேண்டும் என்று அருளானந்தர் விதித்தார். தேவரும் இசைந்து, 1693 சனவரி 6-ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றார். அவருடைய இளைய மனைவி சேதுபதியின் உறவினள். தள்ளி வைக்கப்பட்ட அவளுக்கு அது தாங்க முடியாத துயரம், சேதுபதியிடம் முறையிட்டாள். இரண்டே நாளில் அருளானந்தர் கைதானார். இராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். சிறையில் கரி கரைத்த மையில் துரும்பைத் தோய்த்துத் தோழர்களுக்குக் கடிதம் எழுதினார். அவற்றில் புலம்பலே இல்லை, மகிழ்ச்சியே இருந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் திருநீற்றுப் புதன். அன்று அவர் முழந்தாளிட்டுச் செபித்து எழுந்து, வெட்டுபவனைத் தழுவிக்கொண்டு தலைசாய்த்தார்.

செய்தி லிஸ்பனை எட்டியபோது மன்னர் நன்றி வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்தார். அதற்கு அருளானந்தரின் தாயும் வந்தாள். துக்க உடையில் அல்ல, திருவிழாக்கால உடையில் வந்தாள்! இருபது ஆண்டுகளுக்கு முன் மகனைத் தடுத்த அதே தாய், இப்போது அவனை முழுமனத்தோடு இறைவனுக்குக் கொடுத்துவிட்டாள். 1853-இல் முத்திப்பேறு பெற்ற அவரை, 1947 சூன் 22-ஆம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் புனிதராக உயர்த்தினார்.

அன்பு மாணவிகளே! வேறு நாட்டில் பணி செய்வதென்றால் நம்மிடம் உள்ளதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்புவது மட்டும் அன்று. அந்த மக்களின் சோற்றை உண்டு, அவர்கள் மொழியைப் பேசி, அவர்களில் ஒருவராவதே பணி என்று அருளானந்தர் வாழ்ந்து காட்டினார். நாளை நீங்களும் செவிலியராகவோ ஆசிரியையாகவோ கன்னியராகவோ தொலைதூரம் செல்லலாம். அன்று உங்கள் அன்னையரும் கண்ணீர் வடிப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்து இன்றே ஓரியூர்ப் புனிதரிடம் வேண்டிக்கொள்வோம்.