புகைக்கு விலை கேட்ட பேராசிரியர்

ஆலையொன்றின் புகைபோக்கியிலிருந்து எழும் கரும்புகை அயல் வீட்டுக் கொடியில் காயும் துணிகளில் படிகின்றது. அத்துணிகளை மீண்டும் துவைப்பதற்கான செலவு ஆலை உரிமையாளரின் கணக்கேட்டில் ஏறுவதில்லை. இலாபம் ஒருவருக்கு, நட்டம் இன்னொருவருக்கு. சாதாரண மக்கள் அனைவரும் அறிந்த இந்த அநீதியைப் பொருளியலின் மையப் பிரச்சினைகளில் ஒன்றாக்கியவர் ஆர்தர் செசில் பிகூ என்ற ஆங்கிலேயர். இன்று பல நாடுகளில் அறவிடப்படும் காபன் வரியின் மூலவேர் இவரது சிந்தனையிலேயே இருக்கின்றது.

இங்கிலாந்தின் வைட் தீவில் 1877 நவம்பர் 18 ஆம் திகதி ஓர் இராணுவ அதிகாரியின் மகனாக பிகூ பிறந்தார். ஹரோ பாடசாலையிலும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் பயின்றார். வரலாற்று மாணவனாகத் தொடங்கிய அவர் ஒழுக்கவியல் வழியாகவே பொருளியலுக்கு வந்து சேர்ந்தார். பணத்தைப் பற்றி எழுதும்போதும் அவரது நோக்கு மனித நலன் மீதே நிலைத்திருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். 1908 இல் அவரது ஆசான் அல்பிரட் மார்ஷல் ஓய்வுபெற்றபோது, முப்பது வயதே நிரம்பிய பிகூ அப்பேராசிரியர் பதவிக்குத் தெரிவானார். 1943 வரை அப்பதவியில் இருந்தார்.

1912 இல் ஒரு நூலாக வெளியிட்ட கருத்துகளை விரித்து 1920 இல் அவர் வெளியிட்ட நலப் பொருளியல் பற்றிய நூலே அவரது பெயரை நிலைநிறுத்தியது. புகையிரத இயந்திரத்தின் தீப்பொறி அயற் காணியின் மரங்களை எரிப்பதையும், நகரப் புகை கட்டடங்களையும் பயிர்களையும் பழுதாக்குவதையும், அதனால் சலவைக்கும் விளக்குக்கும் மக்கள் மேலதிகமாகச் செலவிட நேர்வதையும் அதில் அவர் எடுத்துக்காட்டினார். உற்பத்தியாளர் ஏற்கும் செலவும் சமூகம் ஏற்கும் செலவும் வேறுபடும்போது சந்தை தவறான விலையையே காட்டும் என்பது அவரது முடிவு. தீங்கு செய்யும் தொழிலுக்கு வரியும், பிறருக்கு நன்மை செய்யும் தொழிலுக்கு மானியமும் வழங்கி அரசு இவ்விடைவெளியை நிரப்பலாம் என்றார்.

எதிர்காலத்தைப் பற்றியும் அவர் சிந்தித்தார். தொலைவில் உள்ளதைச் சிறிதாகக் காண்பது மனித இயல்பு. இன்றைய சுகத்துக்காக நாளையவர்களின் வளத்தை நாம் எளிதில் செலவழித்து விடுகின்றோம். ஆகவே, இன்னும் பிறவாத தலைமுறைகளுக்கும் அரசு பொறுப்பாளராக இருக்க வேண்டும் என அவர் வாதிட்டார். புவி வெப்பமடைவது பற்றி அவர் எழுதவில்லை. ஆனால், நிலக்கரியும் எண்ணெயும் வெளியிடும் காபனீரொட்சைட்டின் பாதிப்பை நமது பேரப்பிள்ளைகள் சுமக்கப்போகின்றனர் என்பதை அறிந்த நமக்கு அவரது வாதம் மிக நெருக்கமானது.

முதலாம் உலகப் போரின்போது அவர் துப்பாக்கி ஏந்தவில்லை. பல்கலைக்கழக விடுமுறைகளில் போர்முனைக்குச் சென்று காயமடைந்தோரை ஏற்றும் வாகனத்தை ஓட்டினார். அங்கு கண்ட காட்சிகள் அவரை உலுக்கின. கலகலப்பான இளைஞர் தனிமை விரும்பியானார். திருமணம் செய்யவில்லை. ஆடையில் அக்கறையில்லை. மலையேற்றமே அவருக்கு ஆறுதல்.

அவர் தமது சொந்தப் பணத்தில் ஊதியம் வழங்கி கேம்பிரிட்ஜில் விரிவுரையாளராக்கிய இளைஞர் ஜோன் மேனார்ட் கெய்ன்ஸ். அதே கெய்ன்ஸ் 1936 இல் வெளியிட்ட நூலில் பிகூவின் வேலையின்மைக் கோட்பாட்டைக் கடுமையாகத் தாக்கினார். பிகூவும் சூடாகவே பதிலளித்தார். ஆயினும் கெய்ன்ஸ் மறைந்த பின்னர், 1949 இல் ஆற்றிய விரிவுரைகளில், அந்நூலின் சிறப்பைத் தாம் முன்னர் போதியளவு உணரவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தவறை ஏற்கும் அந்த நேர்மை கல்வியுலகில் அரிது.

1952 டிசெம்பரில் இலண்டனைச் சூழ்ந்த நச்சுப்புகை ஆயிரக்கணக்கானோரின் உயிரைப் பறித்தது. 1956 இல் பிரித்தானியா தூய காற்றுச் சட்டத்தை நிறைவேற்றியது. எனினும் அச்சட்டம் தெரிந்தெடுத்த வழி வரியன்று, தடையே. 1959 மார்ச் 7 ஆம் திகதி பிகூ காலமானார். அடுத்த ஆண்டே ரொனால்ட் கோஸ் அவரது கோட்பாட்டை விமர்சித்து, உரிமைகளைத் தெளிவாக வரையறுத்தால் தரப்பினர் தாமே பேரம் பேசித் தீர்வு காணக்கூடும் என்று எழுதினார். மாசு வெளியேற்ற அனுமதிகளை வாங்கி விற்கும் முறைக்கு அவ்விமர்சனம் வழிகோலியது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 இல் அம்முறையைத் தொடங்கியது.

பிகூவின் வரி வழியோ அவர் மறைந்து முப்பதாண்டுகளின் பின்னரே காபனுக்குப் பொருத்தப்பட்டது. 1990 இல் பின்லாந்தும் 1991 இல் சுவீடனும் நோர்வேயும் காபன் வரி விதித்தன. 1990 இன் பின்னர் சுவீடனின் வெளியேற்றம் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்துள்ளது. அதன் பொருளாதாரமோ வளர்ந்தே வந்துள்ளது. ஆனால், எல்லா நாடுகளிலும் கதை இவ்வாறு அமையவில்லை. அவுஸ்திரேலியா 2012 இல் கொண்டு வந்த காபன் விலையை 2014 இல் நீக்கியது. பிரான்சில் எரிபொருள் வரி உயர்வு 2018 இல் மக்களை வீதிக்கு இழுத்தது. கனடா, மக்கள் வாங்கும் எரிபொருள் மீதான கட்டணத்தை 2025 ஏப்ரலில் கைவிட்டது. நமது நாட்டிலும் 2019 இல் வாகனங்கள் மீது காபன் வரி விதிக்கப்பட்டது. ஆட்சி மாறியதும் அது நீக்கப்பட்டது.

இத்தோல்விகளுக்குக் கணக்கில் நேர்ந்த பிழையைவிட நம்பிக்கையின்மையே பெரிய காரணம். வரியின் சுமை தம் மீது விழுவதை மக்கள் கண்டனர்; அதன் பயன் எங்கே போகின்றது என்பதைக் காணவில்லை, அல்லது கூறப்பட்டபோது நம்பவில்லை. பிகூ இதையும் எண்ணிப் பார்த்தவர். அரசுகளுக்கு அறியாமையும் பக்கச்சார்பும் உண்டு, அழுத்தங்களுக்கும் இலஞ்சத்துக்கும் அவை பணியக்கூடும் என அவர் எச்சரித்திருந்தார். வறியவர் கையில் சேரும் பணம் செல்வந்தர் கையில் உள்ளதைவிடக் கூடிய நலனைத் தரும் என்பதும் அவரது அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. சுவிற்சர்லாந்து தனது காபன் வரி வருமானத்தின் பெரும்பகுதியை மக்களுக்கும் தொழில் நிறுவனங்களுக்கும் திருப்பிக் கொடுப்பது இந்த வகையில் கவனிக்கத்தக்கது.

புகைக்கு விலை வேண்டும் என்பதில் இன்று பொருளியலாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடில்லை. நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் தூசியையும் சாம்பலையும் பற்றி நீண்ட காலமாக முறையிட்டுவரும் அயற்கிராம மக்களுக்கும் அவ்விலையின் பொருள் நன்கு புரியும். ஆனால் அவ்விலையை யார் செலுத்துவது, கிடைக்கும் பணம் யாரைச் சென்றடைவது என்ற இரு கேள்விகளுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லாத எந்த அரசும் அதனை நீண்டகாலம் அறவிட முடியாது. வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் பின்னால் இருந்த நீதியுணர்வை விட்டுவிடும் ஆட்சியாளர்கள் பிகூவைப் பாதியளவே படித்தவர்களாவர்.