படிப்படியாய் உயர்ந்த பெருந்தகை கக்கன்

வைகைக் கரையிலுள்ள நம் வண்டியூரில், தாழ்த்தப்பட்ட மக்களின் கல்விக்கென எழுந்த இச்சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், மதுரை மண்ணில் தோன்றிய மாமனிதர் ஒருவரின் வாழ்வை நம் இளைஞர்க்கு நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளோம். அவரே தியாகசீலர் பூ. கக்கன்.

மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், எளிய ஆதிதிராவிடக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் ஊர்க் கோயிற் பூசாரி. தெய்வத்துக்குப் பூசை செய்தவரின் மகனும் மதுரைப் பெருங்கோயிலின் வாயிலுக்கு வெளியே நின்று கும்பிட வேண்டியிருந்த காலம் அது.

பெருஞ்செல்வமோ, கல்லூரிப் பட்டமோ, கைதூக்கிவிடும் உறவினரோ அவருக்கு வாய்க்கவில்லை. எனினும் அவர் சோர்ந்து அமரவில்லை. கிடைத்த பள்ளிக் கல்வியை ஊன்றுகோலாகக் கொண்டார். மாணவப் பருவத்திலேயே விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டார். மதுரை அ. வைத்தியநாத ஐயரின் அரிசன சேவையில் தோள்கொடுத்து, நம் மக்களின் முன்னேற்றத்துக்கு உழைத்தார். அமைச்சர் பதவியைக் கனவு கண்டு அவர் இப்பணியில் இறங்கவில்லை. அன்றன்றைய கடமையை அன்றன்று செய்தார். அதுவே அவரை அடுத்த படிக்கு ஏற்றியது.

1939-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாள், வைத்தியநாத ஐயர் தலைமையில் நம்மவர் சிலர் மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்தனர். அவர்களுள் கக்கனும் ஒருவர். வாயிலைக் கடக்க எடுத்து வைத்த அடிகள் சிலவே. ஆயினும் அவற்றின் பின்னே பல தலைமுறைகளின் ஏக்கம் இருந்தது. எதிர்ப்புகள் எழுந்தபோதிலும், இராசாசி அரசு அவ்வாண்டே ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது.

1942-ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறை புகுந்தார். பின்னர் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினரானார். 1952 முதல் 1957 வரை மதுரையின் நாடாளுமன்ற உறுப்பினராக விளங்கினார். 1957-இல் காமராசர் அமைச்சரவையில் பொதுப்பணித்துறை அமைச்சரானார். நம் வயல்களின் தாயான வைகைக்கு 1959-இல் அணை திறக்கப்பட்டபோது அத்துறை அவர் பொறுப்பில் இருந்தது. பின்னர் வேளாண்மைத் துறையையும், 1963 முதல் 1967 வரை உள்துறையையும் ஏற்றார். 1965-இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூடுகள் அவருடைய பதவிக்காலத்தின் ஆறாத வடு என்பதையும் நாம் மறைக்கலாகாது.

1967 தேர்தலில் தோல்வியுற்றார். பத்தாண்டுகள் அமைச்சராயிருந்தவர் தமக்கெனச் செல்வம் சேர்க்கவில்லை. பொதுமக்களோடு பேருந்தில் பயணம் செய்தார். முதுமையில் நோயுற்றபோது மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண நோயாளியாகச் சேர்ந்தார். அந்நிலையில் அவரைக் கண்ட அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். உள்ளம் நெகிழ்ந்து, உதவிகளுக்கு ஆணையிட்டார். 1981 திசம்பர் 23-ஆம் நாள் கக்கன் மறைந்தார். 1999-இல் நடுவணரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

அன்பார்ந்த இளைஞர்களே! கக்கனின் வாழ்வில் நாம் கண்டு வியப்பது அவர் எட்டிய உயரத்தை மட்டுமன்று. ஏறும்போது ஒரு படியையும் அவர் தாண்டிக் குதிக்கவில்லை. இறங்கியபோது எந்தப் படியிலும் தலைகுனியவில்லை. பதவி வருமுன் எத்தகைய மனிதராக இருக்க விரும்பினாரோ, அது போன பின்னும் அத்தகைய மனிதராகவே இருந்தார்.

நம் இல்லங்களிலும் வசதிக் குறைவு உண்டு. தேர்வில் ஒருமுறை தவறியதும் படிப்பைக் கைவிடும் பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் மலையைத் தாண்டுமாறு நாம் கேட்கவில்லை. இன்று ஒரு பாடம். நாளை மீண்டும் அத்தேர்வு. மாலையில், எழுத்தறியாத் தாய்க்கு அவர் பெயரை எழுதக் கற்பித்தல். இவை சிறியவைதாம். தும்பைப்பட்டியிலிருந்து கக்கன் நடந்ததும் இத்தகைய சிறு அடிகளால்தான். அவ்வழியே நாமும் நடப்போமாக!